குறி தப்பாக் கணை



சேரன் வில்லைக் கொடியிற் பொறித்தான். கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரி எய்த ஒரே கணை யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் துளைத்த திறத்தை வன்பரணர் புறநானூற்றின் 152ஆம் பாட்டில் பாடினார். அவ்வழி வந்தோர் இன்று வில்லின் உறுப்புகளையும் ஆங்கிலத்தால் அழைக்கின்றனர். சொல்லை இழந்தவன் தொழிலின் நுட்பத்தையும் இரவலாகவே பெறுவான். வில்லையும் கணையையும் ஒன்றற்கொன்று பொருத்தும் திறத்தைத் தமிழிற் சொல்லவியலாதா? இயலும், கேண்மின்!

எய்த கணை வளையாது செல்லும் என்றே பலரும் எண்ணுவர். அஃது உண்மையன்று. நாண் தள்ளியதும் தண்டு மீன்போல் நெளிந்து, வில்லின் உடலைச் சுற்றி விலகிய பின்னரே நேர்ப்படும். ஆகவே தண்டின் விறைப்பு வில்லின் இழுவிசைக்கு ஒத்திருத்தல் வேண்டும். தண்டை 71 செ.மீ. இடைவெளியில் இருபுறமும் தாங்கி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டு, அது தாழும் அளவைக் கொண்டு விறைப்பை அறிவர்.

முதலில் வில்லைச் செப்பஞ் செய்க. நாணை முறுக்கினால் நாண் குறுகும். பிடிக்கும் நாணுக்கும் உள்ள இடைவெளி கூடும். முறுக்கைத் தளர்த்தினால் குறையும். அதிர்வும் ஒலியும் அடங்கும் அளவே அவ்வில்லுக்கு உரியது.

அடுத்து, 18 மீட்டர் தொலைவில் இறகுள்ள கணைகள் மூன்றும், இறகு நீக்கிய அதே வகைக் கணைகள் இரண்டும் எய்க. இறகு பிழையை மறைக்கும். இறகற்ற தண்டு காட்டிக் கொடுக்கும். வலக்கையால் நாண் இழுப்பார்க்கு அத்தண்டு இடப்புறம் விழுந்தால் விறைப்பு மிகுதி. முனையின் எடையைக் கூட்டுக, அல்லது இழுவிசையை உயர்த்துக. வலப்புறம் விழுந்தால் விறைப்புக் குறைவு. தண்டைச் சிறிது குறுக்குக, அல்லது எடை குறைந்த முனையைப் பூட்டுக. இறகுள்ளவற்றுக்குக் கீழே விழுந்தால், நாணில் கணை பூட்டும் இடம் மிக உயர்ந்துள்ளது. மேலே விழுந்தால் மிகத் தாழ்ந்துள்ளது. ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றுக. இரண்டை மாற்றினால் எது திருத்தியது என்பது விளங்காது.

ஒலிம்பிக்குக் களத்தில் 70 மீட்டர் தொலைவில் 122 செ.மீ. குறிப்பலகை நிற்கும், அதன் பத்துப் புள்ளி வட்டம் 12.2 செ.மீ. மட்டுமே. எடையும் விறைப்பும் ஒவ்வாத கணைகள் அவ்வட்டத்துள் ஒருங்கே சேரா.

தோழர்காள்! நாண், கணை, தண்டு, முனை, இறகு, விறைப்பு, இழுவிசை: இவற்றுள் எச்சொல் தமிழுக்கு அரிது? பயிற்றுவோர் இவற்றையே ஆள்க. கணை ஏன் விலகியது என்று தாய்மொழியில் எண்ணத் தெரிந்த சிறுவன் தன் பிழையைத் தானே திருத்துவான். இரவற் சொல்லை மனப்பாடம் செய்தவன் பிறர் திருத்தக் காத்திருப்பான். காத்திருந்தது போதும். வில்லும் தமிழர்க்கு உரியது, சொல்லும் உரியது. எடுத்து ஆள்க!