புகழ் வேண்டாம், ஆள் வேண்டும்

நர்ஸ் வேலை தெய்வத் தொண்டு என்பதாகப் புகழப்படுகிறதே ஒழிய, அந்தத் தொண்டு செய்கின்றவர்களுக்கு உட்கார நேரமுண்டா என்று கேட்பாரில்லை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்து 168 ஆஸ்பத்திரிகளைப் பற்றிய ஆராய்ச்சியொன்று 2002-ல் வெளியாயிற்று. ஒரு நர்ஸின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அவருக்கு வேலையில் அதிருப்தி உண்டாகும் வாய்ப்பு 15 சதவிகிதமும், அலுத்து ஓய்ந்துபோகும் வாய்ப்பு 23 சதவிகிதமும் அதிகம். அறுவைச் சிகிச்சை நோயாளி 30 நாளைக்குள் சாகும் வாய்ப்பும் 7 சதவிகிதம் அதிகம் என்று கண்டார்கள். அப்படியானால் அந்தச் சலிப்பு நர்ஸின் குணக்குற்றமா, ஆளைக் குறைத்த நிர்வாகத்தின் குற்றமா? யோசித்துப் பாருங்கள். கலிபோர்னியாவில் 1999-ல் சட்டம் செய்தார்கள். சாதாரண வார்டில் ஒரு நர்ஸுக்கு 5 நோயாளிகளுக்கு மேல் கூடாதென்று 2005 முதல் நடத்துகிறார்கள். அதுவல்லவா மரியாதை! இது நர்ஸுகளின் காரியம் மாத்திரமல்ல. நாளை கட்டிலில் படுக்கப்போகும் நம் காரியமுமாகும்.