நீக்கலை நாங்கள் அடைப்பம், யன்னலை யார் மாத்துறது?

(பலெர்மோ, பிரான்காச்சோவில் வாடகை வீடுகளில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களின் கூடலில் ஆற்றிய உரை)



இண்டைக்கு யன்னல் நீக்கலாலையும் கதவுக்குக் கீழாலையும் வாற காத்தைப் பற்றித்தான் கதைக்கப் போறன். அந்த நீக்கலுக்குள்ளால எங்கட சம்பளமும் வெளியில போகுது. அதாலதான் இது அரசியலும்.

பலெர்மோவில பெரிய குளிர் இல்லை எண்டுதான் எல்லாரும் சொல்லுவினம். இத்தாலியின் காலநிலைப் பிரிவில் பலெர்மோ 'பி' வலயம். டிசம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, நாளுக்கு 8 மணித்தியாலம்தான் கட்டட வெப்பமூட்டலை இயக்கலாம். ஆனால் பழைய தொடர்மாடிகள் பலவற்றில் அந்த வெப்பமூட்டலே இல்லை. கறண்ட் ஹீற்றர்தான் கதி. 2 கிலோவாட் ஹீற்றரை இரவில் 5 மணித்தியாலம் போட்டால் 10 அலகு. அலகு 30 சென்ற் எண்டு வைச்சால் நாளுக்கு 3 யூரோ, மாதம் 90 யூரோ. வீட்டு மீற்றர் வழமையாக 3 கிலோவாட். அதோட ஓவனையும் போட்டால் மீற்றர் விழுந்திடும். கோடையில ஏசி போடுறவைக்கும் இதே கதைதான். 2021 ஓகஸ்ட் 11இல் இதே சிசிலியில் 48.8 பாகை பதிவானது.

ஒரு சின்னக் கணக்குப் பாப்பம். 1.2 மீற்றர் அகலம், 1.4 மீற்றர் உயரமான யன்னலைச் சுத்தி 5.2 மீற்றர். அதைச் சுத்தி 1 மில்லிமீற்றர் நீக்கல் இருந்தால் 52 சதுர சென்ரிமீற்றர். அதாவது சுவரில 7 சென்ரிமீற்றர் சதுரத்தில ஒரு ஓட்டை. 80 சென்ரிமீற்றர் கதவுக்குக் கீழ 1 சென்ரிமீற்றர் இடைவெளி இருந்தால் இன்னும் 80. இதைவிட மோசமானது யன்னலுக்கு மேல தப்பரெல்லாவைச் சுருட்டி வைக்கிற பெட்டி. அதுக்குள்ள வெளிக்காத்து நேர வரும். எங்களுக்கும் அதுக்கும் இடையில ஒரு மெல்லிய பலகைதான்.

கண்டுபிடிக்க மெசின் தேவையில்லை. காத்தடிக்கிற நாளில ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி யன்னல் ஓரம், கதவடி, அந்தப் பெட்டி, பிளக் துவாரம் எண்டு மெதுவாக் கொண்டு போங்கோ. திரைச்சீலை கவனம். புகை வளையிற இடத்தில பென்சிலால அடையாளம் போடுங்கோ. திறந்து மூடுற இடத்துக்கு ரப்பர் பட்டி. பஞ்சுப் பட்டி மலிவு, ஆனால் கெதியா நசிஞ்சு போகும். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில சிலிக்கோன். கதவடிக்குத் தூரிகைப் பட்டி. பெட்டிக்குள்ள, சுருள் தட்டாதபடி, நுரைப் பலகை.

இப்ப முக்கியமான விசயம். காஸ் அடுப்பு இருக்கிற குசினிச் சுவரில கம்பி வலை போட்ட ஒரு துவாரம் இருக்கும். இத்தாலிய விதிப்படி அது குறைஞ்சது 100 சதுர சென்ரிமீற்றர் இருக்க வேணும். அதை ஒருநாளும் அடைக்க வேண்டாம். குளிர்காத்து வருகுதெண்டு துணியும் வைக்க வேண்டாம். காஸ் சரியா எரியாட்டி காபன் மொனொக்சைட் வரும். அதுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. நித்திரையிலேயே ஆளைக் கொண்டு போயிடும். அடுத்தது பூஞ்சணம். நீக்கலை அடைச்சால் சோறு வடிக்கிற ஆவியும் உள்ளுக்க காயப் போடுற உடுப்பின்ர ஈரமும் வெளியில போகாது. காலமையும் பின்னேரமும் யன்னல்களை முழுக்கத் திறந்து பத்து நிமிசம் விடுங்கோ. பூஞ்சணம் பிள்ளையளின்ர நெஞ்சுக்குக் கூடாது.

சரி, இவ்வளவும் எங்கட கைவேலை. ஆனால் உக்கின யன்னலையும் தண்ணி ஊறுற சுவரையும் யார் திருத்துறது? சிவில் சட்டக்கோவை 1576ஆம் பிரிவு தெளிவாச் சொல்லுது: சிறு பராமரிப்பு வாடகைக்காரருக்கு, மற்றத் திருத்தமெல்லாம் வீட்டுக்காரருக்கு. 1577ஆம் பிரிவின்படி பழுதை நாங்கள் அவருக்கு அறிவிக்க வேணும். வாயால சொன்னால் சாட்சி இல்லை. படம் எடுத்து, ரக்கொமந்தாத்தாவில அனுப்புங்கோ.

"கேட்டால் எழும்பச் சொல்லுவார்" எண்டு நீங்கள் நினைக்கிறது எனக்கு விளங்குது. எங்களுக்கு வீட்டு ஒப்பந்தம் வெறும் கூரை இல்லை. வதிவிடப் பதிவு அதிலதான் நிக்குது. குடும்பத்தைக் கூப்பிட வீடு தகுதியானது எண்ட சான்றிதழும் வேணும். அந்தப் பயத்திலதான் ஈரச் சுவருக்கும் ஒழுங்கா வாடகை கட்டுறம்.

மற்றப் பக்கத்தைப் பாருங்கோ. 2020இல் சூப்பர்போனஸ் கொண்டுவந்தார்கள்: கட்டடத்தின் சக்தித் திருத்தத்துக்குச் செலவில் 110 சதவீதம் வரிக்கழிவு. 120 பில்லியன் யூரோவுக்கு மேல் பொதுப்பணம் போனது. 2023 பெப்ரவரியில் வரிக்கடனைக் கைமாற்றும் வழியை அடைத்தார்கள். கட்டுவதற்குப் பெரிய வரி இல்லாத ஏழைக்கு அதோடு கதவு மூடியது. தொடர்மாடியைத் திருத்துவதா இல்லையா என்று முடிவெடுத்தது உரிமையாளர் கூட்டம். வாடகைக்காரருக்கு அதில வாக்கில்லை. பொதுப்பணத்தில அவையின்ர சொத்துப் பெறுமதி ஏறினது. எங்களுக்கு மிஞ்சினது பஞ்சுப் பட்டி.

இந்த இடத்தில நிண்டு கதைக்கேக்க வியா ஹசோனை நினைக்காமல் இருக்க ஏலாது. 90களின் தொடக்கத்தில் அந்தத் தொடர்மாடிச் சனம் கட்டடங்களுக்கிடையிலான ஒரு குழுவாகச் சேர்ந்து கழிவுநீர்க் குழாய் கேட்டது, நடுநிலைப் பள்ளி கேட்டது. பாதிரியார் பினோ புலீசி அவர்களோடு நின்றார். 1993இல் குழுக்காரர் மூவரின் வீட்டுக் கதவுகளுக்குத் தீ வைத்தார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 15இல் மாஃபியா புலீசியைச் சுட்டுக் கொன்றது. பள்ளிக்கூடம் 2000இல் திறந்தது. அவை கேட்டதும் குழாயும் பள்ளிக்கூடமும்தான். ஒரு வீடாக் கேட்கேல்லை, கட்டடங்களாச் சேர்ந்து கேட்டவை.

அதால என்ர முன்மொழிவு இதுதான். ஞாயிறுகளில இரண்டு இரண்டு பேரா வீடு வீடாப் போவம், ஊதுபத்தியோட. அடைக்கக் கூடியதை அண்டைக்கே அடைப்பம். வயசானவையின்ர வீடு முதல். அடைக்க ஏலாததைப் படத்தோட எழுதி வைப்பம். ஒரு கட்டடத்தில அஞ்சு வீடு சேர்ந்தால், இத்தாலியரோ வங்காளியோ கானாக்காரரோ, எல்லாரும் ஒரே நாளில கடிதம் அனுப்புவம். சிஜிஐஎல் சார்ந்த வாடகைக்காரர் சங்கமான சுனியாவிடம் அந்தப் பட்டியலைக் கொண்டு போவம். தனிய ஒருவரை எழும்பச் சொல்லுறது சுகம். அஞ்சு வீட்டை எழும்பச் சொல்லுறது அவ்வளவு சுகமில்லை.

பேர் தாறவை இப்பவே தாங்கோ.