துணை சொன்ன எடை

இந்த அறக்கட்டளை யாருடைய நினைவில் அமைந்ததோ, அந்தப் பெரியவர் கோவையின் இதே கணபதியில் பவுண்டரி நடத்தியவர். மண்ணை உதறிக் காஸ்டிங்கை வெளியே எடுத்ததும் முதலில் அதைக் கையில் தூக்கிப் பார்ப்பாராம். இருக்க வேண்டிய கனம் இல்லையென்றால் உள்ளே எங்கோ ப்ளோ ஹோல், அதாவது காற்றுக்குழி, விழுந்திருக்கிறது என்று பொருள். அறுத்துப் பார்க்காமலே உள்ளிருப்பதை எடை சொல்லிவிடும். வானத்தில் திரியும் ஒரு கல்லை யார் தூக்கிப் பார்ப்பது? இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் எழுந்தது மதராஸ் வானாய்வகம். 1861-இல் அங்கே வானியலாளராக வந்து சேர்ந்தவர் நார்மன் போக்சன். விண்மீன் வரைபடத்தையும் வானத்தையும் இரவிரவாக ஒப்பிடுவார். படத்தில் இல்லாத புள்ளி ஒன்று தெரிந்து, அது அடுத்தடுத்த இரவுகளில் இடம் மாறினால் சிறுகோள், அதாவது வானத்தில் திரியும் கல். வந்த ஆண்டிலேயே ஒன்று அகப்பட்டது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டதால் 'ஏசியா' என்று பெயரிட்டார். பிறகு 1864-இல் சாஃபோ, 1866 மே மாதம் சில்வியா, 1868 நவம்பரில் கமில்லா. அதே ஆய்வகத்தில் முதல் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டுபிடித்தார். வெள்ளி சூரியனைக் கடந்த 1874-ஆம் ஆண்டு நிகழ்வை விளக்கிப் பொதுமக்களுக்கென்று நூலும் எழுதினார். அறிவியல் சிறுநூல் அச்சிடும் நாம் நன்றியோடு நினைக்க வேண்டிய முன்னோடி அவர்.

சில்வியாவும் கமில்லாவும் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட சிறுகோள் பட்டையின் வெளிப்பக்கம் இருப்பவை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 250 கிலோமீட்டர் குறுக்களவு. நூறாண்டுக்கு மேல் இவை தனிக்கற்கள் என்றே எண்ணியிருந்தோம். 2001 பிப்ரவரி 18 அன்று, ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கியில் சில்வியாவுக்கு அருகே ஒரு மங்கல் புள்ளி தெரிந்தது; அது சில்வியாவைச் சுற்றிவரும் ஒரு சிறு துணை. பதினொரு நாள் கழித்து, மார்ச் 1 அன்று, ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி கமில்லாவின் துணையைக் காட்டியது. நுங்கம்பாக்கத்தில் கண்ட இரண்டுக்கும் இப்படி அடுத்தடுத்துத் துணை அமைந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் உடல் சிலிர்க்கிறது.

போக்சன் கண்ணுக்கு இந்தத் துணைகள் ஏன் படவில்லை? இங்கிருந்து மருதமலையைப் பாருங்கள். கோயிலில் ஒரு பெரிய விளக்கு எரிகிறது. அதற்கு மூன்று விரற்கடை தள்ளி, அதன் ஒளியில் இருநூறில் ஒரு பங்கோடு ஒரு மின்மினி. அதைப் பிரித்துப் பார்ப்பதற்குச் சமம் இது. காற்றின் நடுக்கம் அந்த இடைவெளியை அழித்துவிடும். ஹபிள் காற்றுக்கு மேலே இருக்கிறது. கெக்கில் ஒரு சிறு கண்ணாடி நொடிக்குப் பலநூறு முறை வளைந்து கொடுத்து அந்த நடுக்கத்தைச் சரிக்கட்டுகிறது.

துணை கிடைத்ததும் தராசு கிடைத்துவிட்டது. நடுவிலிருக்கும் கல் கனமாக இருந்தால் துணை வேகமாகச் சுற்றும். லேசாக இருந்தால் மெல்லச் சுற்றும். எவ்வளவு தூரத்தில், எத்தனை நாளில் ஒரு சுற்று என்ற இரண்டு எண்கள் போதும். சில்வியாவின் துணை ரோமுலஸ், சுமார் 1,360 கிலோமீட்டர் தள்ளி, 3.65 நாளில் ஒரு சுற்று வருகிறது. கணக்குப் போட்டால் சில்வியாவின் எடை ஏறத்தாழ 150 கோடி கோடி டன். கேட்கப் பெரிது, ஆனால் அந்த உருவத்துக்கு இது குறைவு. அதன் அடர்த்தி தண்ணீரைவிடச் சற்றுத்தான் அதிகம், நம் ஊர்க் கருங்கல்லின் அடர்த்தியில் பாதிதான். முழுப் பாறையாக இருந்தால் இந்த எடை வராது. உள்ளே வெற்றிடமோ பனிக்கட்டியோ இருந்தாக வேண்டும். பழங்காலத்து மோதலில் நொறுங்கி, சிதறியவை மறுபடி ஒன்றுகூடிய உடல் அது என்றும், மிஞ்சிய சில்லுகளே துணைகள் என்றும் பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

2004-இல் சில்வியாவின் இரண்டாவது துணையான ரீமஸ் தெரிந்தது. ஒரு சிறுகோளுக்கு இரண்டு துணைகள் உண்டென்று உலகம் அறிந்தது அதுவே முதல் முறை. 2016-இல் கமில்லாவுக்கும் இரண்டாவது துணை அகப்பட்டது.

ஏசியாவுக்கு இதுவரை துணை எதுவும் தென்படவில்லை. சென்னையில் முதன்முதலில் கண்ட அந்தக் கல்லின் எடையை இன்னும் தோராயமாகத்தான் சொல்ல முடிகிறது.