கொட்டியாரத்து விருந்தாளிகள்
(வானொலி இலக்கியத் தொடரில் இடம்பெற்ற உரை)



திருகோணமலையிலும் மட்டக்களப்பிலும் வயலில் நிற்கும் நெற்பயிருக்கே 'வேளாண்மை' என்று பெயர். "வேளாண்மை வெட்டியாச்சா?" என்றுதான் ஒருவரையொருவர் கேட்பார்கள். வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்திலே இதே சொல்லை, வந்த விருந்தினரைப் பேணுதல் என்ற பொருளில் ஆண்டிருக்கிறார். பயிர் செய்வதும் விருந்தோம்புவதும் ஒரே சொல்லுக்குள் அடங்கியிருப்பது நம் மொழியின் விசித்திரங்களுள் ஒன்று. இந்த இரு பொருளும் நேருக்கு நேர் சந்திக்கின்ற ஓர் ஏற்பாடு உலகில் இருக்கிறது. விருந்தாளி வயலில் இறங்கி வேலை செய்கிறார். அதற்கு ஈடாகச் சோறும் படுக்கையும் பெறுகிறார். அதைப் பற்றியதே இன்றைய உரை.

இலண்டனில் செயலாளராகப் பணிபுரிந்த சூ கொப்பார்ட் என்ற பெண்மணி, 1971ஆம் ஆண்டில் வார இறுதிகளில் நகரத்தை விட்டு மண்ணைத் தொட விரும்பினார். சசெக்ஸ் பகுதியில் எமர்சன் கல்லூரியின் பண்ணை அவருக்கும் அவருடன் வந்த சிலருக்கும் இடம் கொடுத்தது. இரசாயன உரமில்லாப் பண்ணைகளில் வார இறுதி வேலை என்று தொடங்கிய அந்தச் சிறு முயற்சி, இன்று 'வூவ்' என்ற சுருக்கப் பெயரோடு பல நாடுகளில் பரவியிருக்கிறது. முதுகில் பையைச் சுமந்து நாடு நாடாய்ச் செல்லும் இளைஞர்கள் ஒரு பண்ணையில் நாளொன்றுக்கு நாலைந்து மணித்தியாலம் களை பிடுங்குகிறார்கள். ஆட்டுக்குக் குழை வெட்டுகிறார்கள். பிறகு வேறோர் ஊருக்குப் போகிறார்கள். கூலியும் இல்லை, வாடகையும் இல்லை. பிடிக்காவிட்டால் மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு புறப்படலாம்.

இந்தக் கடைசி விடயத்தைச் சற்று மனதில் வைத்திருங்கள்.

ஏனென்றால், நமது துறைமுகத்தின் தென்கரையில் வந்திறங்கிய பழைய விருந்தாளி ஒருவருக்கு அந்த வசதி இருக்கவில்லை. 1659 நவம்பரில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனியின் 'ஆன்' என்ற கப்பல் மசூலிப்பட்டினத்துக்கு அருகே புயலில் அகப்பட்டுப் பாய்மரத்தை இழந்தது. மகாவலி கடலில் கலக்கும் கொட்டியாரக் குடாவுக்கு, புதுப் பாய்மரம் வெட்டிப் பொருத்துவதற்காக அது வந்து சேர்ந்தது. கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் 1660 ஏப்ரலில் கப்டனையும், 19 வயதான அவர் மகன் றொபேட் நொக்ஸையும் பிடித்தார்கள். கப்பலோ தப்பிப் போயிற்று. கரையில் மாட்டிக்கொண்டவர்கள் 16 பேர். மூதூரில் ஒரு மரத்தைக் காட்டி நொக்ஸ் பிடிபட்டது இதன் கீழேதான் என்று சொல்லும் வழக்கமும், 'வெள்ளை மனிதனின் மரம்' என்று ஆங்கிலத்தில் பொறித்த கல்லும் உண்டு.

பிடித்தவர்களை மன்னன் சிறையில் அடைக்கவில்லை. மலைநாட்டுக் கிராமங்களுக்குப் பிரித்து அனுப்பி, ஊரவர் இவர்களுக்கு உணவளிக்கவேண்டும் என்று கட்டளையிட்டான். அரச ஆணையால் திணிக்கப்பட்ட விருந்தோம்பல் அது. சோறு கிடைத்தது, கூரை கிடைத்தது, வேலை செய்யவேண்டிய கட்டாயமும் இல்லை. வெளியே போக மட்டும் முடியாது. 1661 பெப்ரவரியில் காய்ச்சலால் தந்தை இறந்தார். தனித்துப்போன மகன் தொப்பி பின்னி விற்கத் தொடங்கினார். மூன்று பென்ஸ் நூலில் ஒன்பது பென்ஸ் தொப்பி. தொப்பி ஒன்றைக் கொடுத்தே ஒரு முதியவரிடமிருந்து ஆங்கில வேதாகமத்தையும் பெற்றார். பலரும் தொப்பி பின்னத் தொடங்கி அந்த வியாபாரம் படுத்ததும் பன்றியும் கோழியும் வளர்த்தார். 25 லாறின் காசுக்கு ஒரு துண்டுக் காணி வாங்கி வீடு கட்டினார். அயலவருக்கு நெல்லைக் கடன் கொடுத்து ஆண்டுக்கு நூற்றுக்கு 50 வட்டி வாங்கினார். சோறு போட்ட ஊருக்கே விருந்தாளி வட்டிக்காரனான கதையை அவரே ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

கிட்டத்தட்ட இருபது வருடம் இப்படிக் கழிந்தது. பிறகு நொக்ஸும் ஸ்டீபன் றட்லண்ட் என்ற தோழரும் சில்லறைச் சாமான்களை முதுகில் சுமந்து ஊரூராய் விற்பவர்கள்போல் வடக்கே நடந்தார்கள். அநுராதபுரத்துக் காடுகளைக் கடந்து, மல்வத்து ஓயாவின் கரையோரமாகவே வந்து, 1679 ஒக்டோபர் 18ஆம் நாள் மன்னார்க் கரையில் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார்கள். 1681இல் இலண்டனில் அவருடைய நூல் வெளிவந்தது. டானியல் டீபோ 'கப்டன் சிங்கிள்டன்' என்ற தமது நாவலில் இந்தக் கதையைச் சேர்த்துக்கொண்டார். 'றொபின்சன் குறூசோ'வுக்கும் இதிலிருந்து ஊட்டம் கிடைத்திருக்கவேண்டும் என்று கருதும் ஆய்வாளர்கள் பலர்.

நொக்ஸின் நூலில் தப்பியோடிய அத்தியாயத்தையே பெரும்பாலானோர் சிலாகிப்பார்கள். எனக்கோ நெற்செய்கையைப் பற்றிய பகுதிதான் பெரிது. ஏழு மாதத்து நெல், ஆறு மாதத்து நெல் என்று தொடங்கி மூன்று மாதத்து நெல் வரை பிரித்துச் சொல்கிறார். ஒரே வெளியில் பயிர் செய்பவர்கள் எல்லோருடைய நெல்லும் ஏன் ஒரே காலத்தில் விளையவேண்டும் என்பதற்குக் காரணமும் காட்டுகிறார்: அறுவடை முடிந்ததும் வெளியில் மாடுகளை விட்டுவிடுவார்கள், பிந்தியவனின் பயிர் மாட்டின் வயிற்றுக்குள் போய்விடும். ஆகவே பிந்தி விதைப்பவன் குறுகிய காலத்து நெல்லைத் தேடுவான். அயலவர் திரண்டு வந்து வெட்டிக் கொடுப்பதும், வயற்காரன் அவர்களுக்குச் சோறு போடுவதும் அதே பகுதியில் வருகின்றன. வழிப்போக்கனின் கண்ணுக்கு இவை தெரியமாட்டா. வரம்பில் பல போகம் உட்கார்ந்திருந்தவனுக்கே தெரியும்.

அவரை மகானாக்க நான் வரவில்லை. அத்தனை காலம் பிறர் பிடியில் கிடந்தவர், பின்னாளில் கம்பனிக் கப்பலின் தலைவராகி, மடகஸ்காரில் அடிமைகளை வாங்கி ஏற்றச் சென்றார். துன்பப்பட்டவன் துன்பத்தை அறிவான் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நொக்ஸின் வாழ்க்கை அதற்குச் சாட்சி சொல்லவில்லை.

இன்றைய விருந்தாளிகளுக்கு வருவோம். நிலாவெளிக்கும் உப்புவெளிக்கும் பைகளோடு வரும் வெளிநாட்டு இளைஞர்கள், கடல் அமைதியாயிருக்கும் ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களிலேயே பெரும்பாலும் வருகிறார்கள். பெரும்போகமோ ஒக்டோபர் மழையோடு விதைத்து, பெப்ரவரி, மார்ச்சில் வெட்டுவது. ஆக, நமது பெரிய வேளாண்மையை அவர்கள் காண்பதே அரிது. கந்தளாய்க் குளத்தையும் அல்லைக் குளத்தையும் நம்பிய சிறுபோகத்தைத்தான் காணலாம். சுற்றுலா விசாவில் வருபவர் சம்பளத்துக்கோ சம்பளமில்லாமலோ வேலை செய்யச் சட்டம் இடந்தருவதில்லை என்பதும் உண்டு. இந்தப் பழக்கத்தை நான் இகழவில்லை. மண்ணில் கைவைக்க விரும்புகிறவனை ஏன் தடுக்கவேண்டும்? ஆயினும் இரண்டு கிழமை களை பிடுங்கியவன் எழுதுவது தன்னைப் பற்றிய கதையாகவே இருக்கும். நெல்லைப் பற்றி எழுத ஒரு போகமாவது இருக்கவேண்டும். நாலு மாதம், நுளம்போடும் சேற்றோடும்.

சொல்லப்போனால், தங்கி வேலை செய்யும் ஏற்பாட்டை இலண்டனிலிருந்து நாம் கற்கவேண்டியதில்லை. வெட்டுக்காலத்தில் வேற்றூர்களிலிருந்து வருகிறவர்கள் தம்பலகாமத்திலும் தோப்பூர்ப் பக்கத்திலும் வயலோரத்து வாடிகளில் தங்கி, சோற்றுக்கும் கூலிக்குமாக வேளாண்மை வெட்டியவர்கள். களவெட்டியில் சூடு மிதிக்கும்போது அவர்களுக்கென்று தனிச் சொற்கள் இருந்தன. நெல்லை அங்கே நெல் என்று சொல்லமாட்டார்கள், 'பொலி' என்பார்கள். வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழகம்' போன்ற நூல்கள் இந்த உலகத்தை ஓரளவு பதிவு செய்தன. கொட்டியாரப் பக்கத்துக்கு அப்படி ஒரு நூல் வேண்டும். வெட்டும் இயந்திரம் வந்தபின் வாடிகளும் குறைந்து, பொலிப்பாட்டும் அடங்கிக்கொண்டு வருகிறது.

இன்னொரு கூட்டத்தாரும் இருக்கிறார்கள். 2006ஆம் ஆண்டுப் போரில் சம்பூர் மக்கள் ஊரை விட்டு ஓடினார்கள். காணிகள் திரும்பக் கிடைத்தது 2015இலும் 2016இலுமே. இடைப்பட்ட காலத்தில் கிளிவெட்டி, பட்டித்திடல், கட்டைபறிச்சான் முகாம்களில் கிடந்தவர்களுள் சொந்த வயல்காரர் பலர். வயல் இருந்தும் கால் வைக்க முடியாமல், பிறர் வயலில் கூலிக்கு நின்றவர்கள். நொக்ஸுக்கு வெளியே போக வழியில்லை. இவர்களுக்கு உள்ளே போக வழியில்லை. பையைத் தூக்கிக்கொண்டு புறப்படும் சுதந்திரத்தைப் பற்றித் தொடக்கத்தில் சொன்னேனே, அதன் மறுபக்கம் இதுதான். இவர்களின் பத்து வருடத்தை எந்தப் பயண நூலிலும் காணமாட்டீர்கள்.

அந்த முகாம்களில் இருந்தவர்கள் இந்த ஒலிபரப்பைக் கேட்டுக்கொண்டிருக்கலாம். நீங்கள் யாருடைய வயலில் நின்றீர்கள், எந்த நெல் விதைத்தார்கள், கூலியைக் காசாகத் தந்தார்களா நெல்லாகத் தந்தார்களா, மத்தியானச் சோற்றை யார் கொண்டுவந்தார்கள், திரும்பிப் போனபோது காடேறிய காணியில் பழைய வரம்பை எப்படி அடையாளம் கண்டீர்கள் என்பவற்றை எழுதுங்கள். எழுத வராதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுவியுங்கள். ஒரு பக்கமானாலும் போதும். ஊரின் பெயரையும் போகத்தின் பெயரையும் மட்டும் மறக்காமல் போட்டு அனுப்புங்கள்.