மதகும் மடையும் உள்ள சரணாலயம்

திருவையாற்றிலிருந்து அரியலூர் சாலையில் கொள்ளிடத்தைக் கடந்தால் திருமானூர். அந்தப் பக்கத்தில்தான் கரைவெட்டி ஏரி இருக்கிறது. பரப்பு ஏறத்தாழ 454 ஹெக்டேர். மேட்டூரில் திறக்கும் காவிரி நீர் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாக இங்கே வந்து சேரும். மீதியை ஐப்பசி, கார்த்திகை மழை பார்த்துக்கொள்ளும்.

பாசனத்துக்காக மனிதர் வெட்டிய ஏரி இது. 1999இல் பறவைகள் சரணாலயமானது. 2024 ஜனவரியில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. ஆனாலும் சுற்றுவட்டார நெல்லும் கரும்பும் இன்றும் இதன் தண்ணீரில்தான் விளைகின்றன.

இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்திருந்தால் கதை வேறு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, தேசியப் பூங்காவுக்குள் தனியார் உரிமை எதுவும் மிஞ்சாது, கால்நடையும் மேயக்கூடாது. சரணாலயத்தில் சில உரிமைகள் தொடர இடமுண்டு. வயலை நம்பிய ஊருக்கு இந்த ஏற்பாடே பொருந்தும்.

இமயத்தைத் தாண்டி வரும் வரித்தலை வாத்து இங்கே குளிர்காலத்தைக் கழிக்கிறது. வெள்ளைத் தலையின் பின்புறம் இரண்டு கறுப்புக் கோடுகள், அதுவே அடையாளம். ஊசிவால் வாத்து தலையை நீருக்குள் விட்டு, வாலை வானுக்குத் தூக்கி இரை தேடும். அதற்கு ஆழமில்லாத நீர் வேண்டும். மதகு திறந்து ஏரி வடிய வடிய, ஓரத்தில் சேறு தெரியும். அங்கே உள்ளான்கள் இறங்கும். உழவர் தண்ணீர் எடுப்பதே அவற்றுக்குப் பந்தி விரிப்பதுபோல. மொத்தமாக வடிந்துவிட்டால்தான் வாத்துகளுக்குச் சிக்கல்.