சின்னத் தொல்லை என்று விட்டுவிடலாமா?

(கெலவரப்பள்ளியில் தம்பதியர் கூட்டத்தில் பேசியது)

ரோஜாத் தோட்ட வேலையையும் கம்பெனி ஷிப்டையும் விட்டுவிட்டுக் கணவனும் மனைவியுமாக வந்திருக்கிறீர்கள். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். வயிற்றுப்போக்கு, அசதி, தலைசுற்றல் இந்த மூன்றும் எட்டிப் பார்க்காத வீடு கிடையாது. "தானா சரியாயிடும்" என்று விட்டுவிடுகிறோம். இல்லாவிட்டால் கடையில் ஒரு மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். எதை வீட்டில் பார்த்துக்கொள்ளலாம், எதற்கு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதை இருவரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. வயிற்றுப்போக்கு

பேதியாகும் குழந்தைக்குத் தண்ணீர் கொடுத்தால் இன்னும் போகும் என்று சிலர் நிறுத்திவிடுகிறார்கள். இது ஆபத்து. உயிரைக் குடிப்பது உடம்பில் நீரும் உப்பும் வற்றிப்போவதுதான். 1971-இல் வங்காள அகதிகள் முகாமில் காலரா பரவியபோது டிரிப் பாட்டில் போதவில்லை. டாக்டர் திலீப் மகாலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலை வாய்வழியாகக் கொடுக்கச் செய்தார். உறவினர்களே பக்கத்தில் இருந்து ஊட்டினார்கள். நூற்றுக்கு முப்பது பேர் வரை இறந்த இடத்தில் சாவு நான்குக்கும் கீழே இறங்கியது.

அந்தக் கரைசல்தான் இன்று ஓ.ஆர்.எஸ். பொட்டலமாகக் கிடைக்கிறது. பெரிய பொட்டலத்தைக் காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரையுங்கள். 24 மணி நேரத்துக்குமேல் வைத்திருக்காதீர்கள். பொட்டலம் இல்லையா? ஒரு லிட்டர் நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. தாய்ப்பாலையும் சோற்றையும் நிறுத்தாதீர்கள். மலத்தில் ரத்தம், கண் குழி விழுதல், சிறுநீர் போகாமை, குடிக்க முடியாமல் துவளுதல் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்கக் கூடாது.

குடிதண்ணீரைப் பற்றி ஒன்று. பெங்களூருப் பக்கத்துச் சாக்கடையும் ஆலைக் கழிவும் தென்பெண்ணையில் கலந்து, நம் அணையில் நுரை பொங்கியதைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். கொதிக்க வைத்தால் கிருமி சாகும்; ரசாயனம் போகாது. ஆகவே ஆற்று நீரைக் காய்ச்சினாலும் குடிக்காதீர்கள். பாதுகாப்பான குடிநீராகத் தரப்படுவதைப் பிடித்து, அதைக் காய்ச்சிக் குடியுங்கள்.

2. அசதி

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்பாள் மனைவி. படி ஏறினால் மூச்சு வாங்கும், கண்ணிமையின் உள்பக்கம் வெளுத்திருக்கும். இது சோம்பல் இல்லை ஐயா, ரத்தசோகையாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் பார்த்தால் தெரிந்துவிடும். ஹீமோகுளோபின் பெண்களுக்கு 12-க்கும், கர்ப்பிணிகளுக்கு 11-க்கும் குறையக் கூடாது.

ராகிக் களியோடு கீரை, பயறு, முட்டை சேருங்கள். எலுமிச்சை, நெல்லிக்காய் இரும்புச்சத்தைச் சேர்த்துத் தரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அது கெடும். இரும்புச்சத்து மாத்திரையால் மலம் கறுக்கும், பயம் வேண்டாம். பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்பது வெறும் கதை. மாதவிலக்கில் ரத்தம் அதிகம் போனால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு, குறைந்தது இரண்டு வருஷமாவது கழித்தே அடுத்த கர்ப்பம் இருக்கட்டும். இழந்த சத்தை உடம்பு திரும்பச் சேர்க்க வேண்டாமா? அதற்கான ஏற்பாட்டை இருவரும் சேர்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

3. தலைசுற்றல்

வெயிலிலும் பட்டினியிலும் தலை சுற்றும். உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, சாப்பிட்டால் தெளியும். அடிக்கடி வந்தால் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பாருங்கள். ஆனால் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. வலி இல்லாததால் யாரும் ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. அதனால்தான் மருந்தே வீடு தேடிப் போகும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்தது. 2021 ஆகஸ்ட் 5 அன்று அது தொடங்கப்பட்டது நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான்.

முப்பது வயதானவர்கள் வருஷம் ஒருமுறையாவது அளந்து பாருங்கள். பலமுறை அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேலே இருந்தால் டாக்டர் சொன்னபடி மாத்திரை சாப்பிட வேண்டும். "இப்ப நல்லாயிருக்கு" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். ஒரு பக்கம் முகம் கோணினால், கை சோர்ந்தால், பேச்சுக் குழறினால் அது பக்கவாதம். நேரத்தைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

கடைசியாக ஒன்று. கணவனின் தொல்லை மனைவிக்கும், மனைவியின் தொல்லை கணவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ராத்திரி சாப்பிட்டு எழுந்ததும், "உடம்பு எப்படி இருக்கு?" என்று ஒருவரையொருவர் கேளுங்கள். பதிலைக் காது கொடுத்துக் கேளுங்கள். போக வேண்டியிருந்தால் மறுநாள் காலையிலேயே இருவருமாகப் போங்கள்.