சங்கினுள் ஓர் உயிர்

  

உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுத்தது சமணம். அவ்வகையில் சங்கும் சிப்பியும் ஊறும் சுவையும் உணரும் ஈரறிவுயிர்கள். தொல்காப்பிய மரபியலும் நந்து எனும் சங்கினத்தை ஈரறிவுயிராகவே எண்ணுகிறது. கடற்கரையில் கிளிஞ்சல் பொறுக்குவோர் முதலில் நினைக்க வேண்டியது இதுவே.

அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் சானிபெல் என்றொரு தீவு உண்டு. அது கிழக்கு மேற்காக வளைந்து கிடப்பதால், மெக்சிகோ வளைகுடா அலைகள் கொணரும் கிளிஞ்சல்கள் அதன் கரையில் குவிகின்றன. அவற்றைத் தேடிக் குனிந்தே நடப்போரின் நிலைக்குச் 'சானிபெல் கூனல்' என்ற வேடிக்கைப் பெயரும் வழங்குகிறது. அத்தகைய தீவிலேயே 1995 முதல் உயிருள்ள சங்கினங்களை எடுத்தல் தடைசெய்யப்பட்டுள்ளது. வெறுங்கூட்டை எடுக்கலாம்.

வெறுங்கூடு என்று அறிவது எங்ஙனம்? சங்கின் வாயைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். மூடி அடைத்திருப்பின் உள்ளே உயிர் ஒடுங்கியுள்ளது. இரு ஓடுகளும் இறுக மூடிய சிப்பியும் அவ்வாறே. காலோ கொடுக்கோ தெரியின் அது துறவி நண்டு. பெயர்தான் துறவி, தன் மெல்லிய பின்னுடலைக் காக்க, சங்கு விட்டுச்சென்ற கூட்டை நாடி வாழ்வது அது. உடல் வளருந்தோறும் பெரிய கூட்டுக்கு மாறும். பாராமல் எடுத்துச் சென்றால் பைக்குள்ளேயே அவ்வுயிர் மடியும். நாற்றம் எழுந்த பின்னரே கொலை புலப்படும்.

கொல்லும் எண்ணம் இல்லையே எனலாம். ஆயினும் கருத்தின்மையும் இம்சைக்கு வாயில் என்பது சமண அறம். துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஒன்று, எப்பொருளையும் நோக்கி எடுத்து, நோக்கி வைத்தல். இல்லறத்தார்க்கும் அது நல்வழியே.

கரையை அடுத்த மணற்குன்றுகளும் அங்குக் காக்கப்படுகின்றன. 'கடல் ஓட்ஸ்' எனும் புல்லின் வேர்கள் மணலைப் பிணைத்து நிறுத்துகின்றன. அதனைப் பறித்தல் சட்டப்படி குற்றம். கடலாமைகள் மணலில் முட்டையிடுகின்றன. உப்புக்கொத்தி இனச் சிறு பறவையின் முட்டையோ மணல் நிறத்தது. மிதித்த பின்னரே தெரியும். ஆகவே குன்றின்மேல் ஏறாது, அமைத்த பாதையிலேயே நடத்தல் கடன்.

வெறுங்கூட்டையும் அளவோடு கொள்வதே நன்று. நினைவுக்கு ஒன்றிரண்டு போதும். எஞ்சியவை நண்டுக்கு வீடாகும், நொறுங்கி மணலாகும். கொல்லாமையும் மிகுபொருள் விரும்பாமையும் இங்கே கைகோத்து நிற்கின்றன.

இளைய செல்வங்களே! எக்கடற்கரையில் நின்றாலும் சங்கைத் திருப்பிப் பாருங்கள். உயிர் இருப்பின், எடுத்த இடத்திலேயே மெல்ல வையுங்கள்.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!